சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்

எங்கள் திருச்செந்தூரில் இந்தப் பழமொழிக்கு இரண்டு பொருள் உண்டு. சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்பது ஒன்று. கந்த சஷ்டி ஆறு நாளும் கோயில் வளாகத்திலேயே தங்கிப் பிள்ளை வரம் கேட்கும் பெண்களை நாம் வருடாவருடம் பார்க்கிறோம். இன்னொன்று அடுப்படிப் பொருள். பானையில் என்ன இருக்கிறதோ அதுதான் கரண்டியில் வரும்.

இந்தக் கட்டுரைக்கு இரண்டு பொருளுமே தேவைப்படுகின்றன. இலங்கைத் தமிழர் முகாம்களில் இருக்கும் கர்ப்பிணிப் பெண்களுக்கு வரும் சர்க்கரையைப் பற்றி எழுதப் போகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்களுக்கு நம் சுகாதாரத் துறை சொல்லும் ஆலோசனை சரியானது. ஆனால் அந்த ஆலோசனையைச் சமைக்க அவர்கள் சட்டியில் பண்டம் இல்லை. மருந்துச் சீட்டோடு உணவும் சேர்ந்து போகாதவரை அது பாதி வைத்தியம்தான்.

நான் டாக்டர் இல்லை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, பிறகு தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்து, தாலுகா ஆபீஸ் எழுத்தராக ஓய்வு பெற்றவன். அரிசிக் கணக்கும் பணக்கொடைப் பட்டியலும் எழுதிப் பழகிய கை இது. அந்தக் கணக்கு தெரிந்தவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் நம்முடைய சர்க்கரை வேறு, கர்ப்பிணியின் சர்க்கரை வேறு. கரு வளர வளர, நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. பிள்ளைக்குப் போதுமான சத்து போய்ச்சேர இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. பிரசவம் ஆனதும் பெரும்பாலும் இறங்கிவிடும்.

இறங்கிவிடுமே, பிறகென்ன என்று விட முடியாது. தாயின் இரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. ஆகவே வயிற்றில் இருக்கும் பிள்ளையே கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டி வருகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனைச் சேர்ந்த டாக்டர் பெடர்சன் 1950-களிலேயே இதை விளக்கியிருக்கிறார். பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிரசவம் கஷ்டமாகும். பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்தும் வரலாம். தாய்க்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வர வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. அந்தப் பிள்ளைக்கும் அதே கதை.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு இந்தியாவுக்கே வழிகாட்டி. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் தேசிய கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரும் அவரது குழுவினரும் 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நகர்ப்புறத்தில் 100-க்கு 17.8 பேர், சிற்றூர்ப் பகுதியில் 13.8 பேர், கிராமத்தில் 9.9 பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை கட்டாயம் என்று 2007-லேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. மத்திய அரசின் வழிமுறைகள் வந்தது 2014-ல்.

பரிசோதனை மிகவும் எளிது. 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்த்தால் 140-ம் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. காலையில் பஸ் ஏறி வரும் ஏழைப் பெண்ணை மனதில் வைத்து வகுத்த முறை இது. கர்ப்பம் தெரிந்து முதல் முறை வரும்போது ஒரு தடவை, அப்போது இல்லையென்றால் 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை.

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் உடனே ஊசி போடுவதில்லை. முதல் இரண்டு வாரம் உணவு முறைதான் மருந்து. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 120-க்குள் இருக்க வேண்டும். அதற்குள் வராவிட்டால்தான் மெட்ஃபார்மினோ இன்சுலினோ. உணவு முறையே முதல் மருந்து என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது.

இனி முகாமுக்கு வருவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மன்னார்க் கடலைத் தாண்டி வரத் தொடங்கியவர்கள், 1990-லும், 1995-க்குப் பின்னும், 2006-க்குப் பின்னும் அலை அலையாக வந்தார்கள். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் சொன்ன கணக்கின்படி, 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். நம் தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டயபுரம் பக்கம் உள்ள தாப்பாத்தி முகாமைப் பலரும் அறிவீர்கள். அந்த மாதமே ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட புது வீடுகளும் அறிவிக்கப்பட்டன. வரவேற்க வேண்டிய காரியங்கள்தான்.

இப்போது அரிசிக் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம், சிறுவர்களுக்கு 200 கிராம். கிலோ 57 பைசா என்று பல காலம் கொடுத்தோம், பிறகு அதையும் நீக்கி இலவசமாக்கினார்கள். படகில் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவனுக்கு முதலில் சோறுதான் தேவை. அந்த அரிசி உயிர் காத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அவசரத்துக்குப் போட்ட பட்டியல். ஆறு மாதத்துக்கு என்று போட்ட பட்டியல் நாற்பது வருடம் ஓடினால், ஒரு தலைமுறையே அரிசியில் வளர்ந்து தாயாகிவிடுகிறது.

400 கிராம் அரிசியில் ஏறத்தாழ 300 கிராம் மாவுச்சத்து. பரிசோதனைக்குக் கொடுக்கும் குளுக்கோஸோ 75 கிராம். சோறு மெதுவாகச் செரிக்கும், குளுக்கோஸ் தண்ணீர் மாதிரி உடனே ஏறாது, அது உண்மை. ஆனாலும் அந்தப் பெண்ணின் ஒரு நாள் ஒதுக்கீட்டு அரிசி நாலு தம்ளர் பரிசோதனைத் தண்ணீருக்குச் சமமான மாவுச்சத்தைக் கொண்டது. அதோடு போட்டுச் சாப்பிடப் பருப்பு எவ்வளவு? ரேஷன் கடையில் துவரம்பருப்பு ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் வரும். எட்டு கிராம் என்பது ஒரு சிறு கைப்பிடிகூட இல்லை.

பணக்கொடையும் பார்த்துவிடுவோம். 2021-ல் உயர்த்திய விகிதப்படி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவருக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 500. கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்றால் மாதம் 3,000. நாளுக்கு நூறு ரூபாய். ஆண்கள் பெரும்பாலும் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. பெண்கள் கர்ப்பம் தரித்தால் கூலிக்குப் போவது நின்றுவிடும். முட்டையும் காய்கறியும் அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் வீட்டு வருமானம் குறைகிறது.

பணியில் இருந்த நாட்களில் பழக்கமான ஒரு குடும்பத்தைச் சில மாதங்களுக்கு முன் ஒரு முகாமில் பார்த்தேன். தாய் 1990-ல் வந்தவர், மகள் இங்கே பிறந்தவள். தாய் இன்னும் மன்னார்த் தமிழில்தான் பேசுவார், மகள் அசல் நம் ஊர்ப் பேச்சு. மகளுக்கு ஆறாம் மாதம். “இவளுக்குச் சீனி வருத்தம் எண்டு சொல்லிட்டினம் ஐயா” என்றார் தாய். அவர்கள் ஊரில் நோயை வருத்தம் என்பார்கள். மகள் ஒரு அச்சடித்த தாளை எடுத்துக் காட்டினாள். சோற்றைக் குறைக்கவும், பருப்பு, பயறு, முட்டை, கீரை சேர்க்கவும், மூன்று வேளைக்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடவும், சாப்பிட்ட பின் நடக்கவும் என்று ஒழுங்காகப் போட்டிருந்தது. “தாத்தா, சோத்தைக் குறைக்கலாம். குறைச்ச எடத்துல எதைப் போட?” என்று கேட்டாள்.

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. நமக்குச் சர்க்கரை என்று சொன்ன அன்றைக்கே பிள்ளைகள் சிறுதானியம் வாங்கிப் போட்டார்கள், விரலைக் குத்திப் பார்க்கும் கருவி வந்தது, காலை நடைக்குக் கடற்கரை இருக்கிறது. கருப்பட்டிக் காபி சர்க்கரைக்காரருக்கு ஒன்றும் செய்யாது என்று உடன்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில் நம்மவர்கள் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாச்சிமார்களே, கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். தவறினாலும் சமாளிக்கிற வசதி நமக்கு இருக்கிறது. முகாம்ப் பெண்ணிடம் “வாயைக் கட்டு” என்று சொல்கிறோம். அவள் வாயைக் கட்டாமல் கெட்டுப்போகவில்லை, அவள் வாய்க்கு வருவதே ஒரே பண்டம்.

பிரெஞ்சில் ‘ரெழிம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பள்ளியில் படித்தபோது எங்களுக்குக் குழப்பமாக இருக்கும். டாக்டர் சொல்லும் பத்தியத்துக்கும் அதே சொல், ஆட்சி முறைக்கும் அதே சொல். இத்தனை வயதுக்குப் பிறகு அதில் குழப்பம் தெரியவில்லை. ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை முகாமில் ஆட்சிதான் தீர்மானிக்கிறது. அப்படியானால் பத்தியத்துக்கும் ஆட்சிதான் பொறுப்பு.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. மேற்கு சகாரா மக்கள் 1975 முதல் அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலைவனத்தில் முகாம்களில் இருக்கிறார்கள். பெரும்பாலும் நிவாரண உணவை நம்பியே வாழ்க்கை. அங்கே ஆய்வு செய்தவர்கள் ஒரே வீட்டில் உடல் பருமனையும் இரத்தச்சோகையையும் சேர்த்தே பார்த்தார்கள். வயிறு நிரம்பும், சத்து சேராது. நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது தாய் வயிற்றில் இருந்தவர்களை, அவர்களின் ஐம்பதாவது வயதில் பரிசோதித்தார்கள். சர்க்கரையைத் தாங்கும் சக்தி அவர்களுக்குக் குறைந்திருந்தது. வயிற்றில் இருக்கும்போது பட்ட பசியை உடம்பு மறப்பதில்லை. 1990-ல் காட்டிலும் படகிலும் பட்டினி கிடந்த கர்ப்பிணிகளின் வயிற்றில் இருந்த பெண்பிள்ளைகள் பிற்பாடு இங்கே தாயானார்கள். அவர்கள் உடம்புக்கு அரிசி மட்டும் போதும் என்று நாம் இருந்துவிட்டோம்.

என்ன செய்யலாம்? எழுத்தர் புத்தியில் மூன்று காரியங்கள் தோன்றுகின்றன. மூன்றும் இருக்கிற ஏற்பாட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவை.

முதலாவது, அரிசி மாற்று. முகாமில் அரிசியும் பணமும் வருவாய்த் துறை வழி. கர்ப்பிணிப் பதிவும் பரிசோதனையும் சுகாதாரத் துறை வழி. இரண்டு பதிவேடும் வேறு வேறு மேசையில் இருக்கின்றன. செவிலியர் கையெழுத்திட்ட ஒரு துண்டுச்சீட்டு வருவாய் ஆய்வாளரிடம் போய்ச் சேர வேண்டும். அந்தப் பெண்ணின் பங்கு அரிசியில் பாதியை நிறுத்தி, அதற்கு ஈடாகக் கேழ்வரகு, பயறு, கடலை, பருப்பு, நாளுக்கு ஒரு முட்டை என்று பிரசவம் வரை, முடிந்தால் பால் கொடுக்கும் காலம் வரை வழங்க வேண்டும். கேழ்வரகை அவர்கள் குரக்கன் என்பார்கள். குரக்கன் புட்டு அவர்களுடைய சொந்தச் சாப்பாடு, யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு, அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியில் இப்படிக் கிடைக்காது. இதற்கு முன்மாதிரி உண்டா என்று மேலதிகாரி கேட்பார். உண்டு. நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க 2023-ல் தொடங்கினார்கள். ஒரு மாவட்டத்துக்குச் செய்ய முடிந்ததை ஒரு முகாமில் உள்ள சில பெண்களுக்குச் செய்ய முடியாதா?

இரண்டாவது, பரிசோதனை முகாமுக்கே வரட்டும். இரண்டு மணி நேரம் காத்திருப்பது பரிசோதனையில் தவிர்க்க முடியாத அம்சம். ஆனால் அந்தக் காத்திருப்பைச் சொந்த வீட்டு வாசலில் செய்யலாம். குளுக்கோஸ் பொட்டலமும் கையடக்கக் கருவியும் செவிலியரின் பைக்குள் அடங்கும். பஸ் செலவும் மிச்சம், துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலியும் மிச்சம். பணக்கொடை வழங்கும் நாளையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லும் நாளையும் ஒரே தேதியில் போடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். பட்டியலில் கையெழுத்திட ஆள் நேரில் நிற்க வேண்டும் என்றால், அன்றைக்குச் சர்க்கரை பார்க்க யார் போவார்?

மூன்றாவது, பிரசவத்துக்குப் பிறகு. ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரசவம் முடிந்ததும் தன் உடம்பை மறப்பது பெண்களின் வழக்கம், பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவதை மறக்க மாட்டார்கள். அந்த ஊசியும் ஆறாவது வாரத்தில்தான். பிள்ளைக்கு ஊசி போடும் அன்றைக்கே தாய்க்கும் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்துவிட்டால் ஒரே நடையில் இரண்டும் முடியும்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் வரும். நம் ஊர் ஏழைப் பெண்களுக்கே இது இல்லையே, அகதிகளுக்கு மட்டும் எதற்கு என்பது முதலாவது. நம் ஊர்ப் பெண்ணுக்கும் வேண்டும், மறுக்கவில்லை. அங்கன்வாடியில் கொடுக்கும் வெல்லம் கலந்த சத்துமாவும் சர்க்கரை உள்ள கர்ப்பிணி, இல்லாத கர்ப்பிணி என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாகவே போகிறது. அதையும் திருத்தத்தான் வேண்டும். ஆனால் நம் ஊர்ப் பெண்ணுக்கு ஊரக வேலைத் திட்டம் உண்டு, தாய் வீட்டில் நாலு முருங்கை மரம் உண்டு, கடன் சொல்லிச் சாளை மீன் வாங்கத் தெரிந்த மீன்காரி உண்டு. பத்தடிக்குப் பத்தடி வீட்டில் பிறந்து அதிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்கு அரசு தரும் மூட்டைதான் தாய் வீட்டுச் சீர். ஆகவே முகாமில் தொடங்குவோம். அங்கே எல்லாப் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது, பலன் உண்டா என்று கணக்குப் பார்ப்பதும் சுலபம்.

பயறும் முட்டையும் கொடுத்தால் வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுத் தின்றுவிடுவார்கள் அல்லது விற்றுவிடுவார்கள் என்பது இரண்டாவது. பங்கு போடத்தான் செய்வார்கள். எந்தத் தாய் தான் மட்டும் முட்டை தின்றுவிட்டு, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வாள்? அதற்கும் சேர்த்து அளவைப் போட வேண்டும் என்றுதான் அர்த்தம், கொடுக்க வேண்டாம் என்றல்ல. அரிசியை விற்கிறார்கள் என்று என் காலத்திலும் புகார் வரும். அரிசி மட்டுமே வரும் வீட்டில் மீன் வாங்க வேண்டுமானால் அரிசியைத்தான் விற்க வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பெண்ணுக்குச் சில மாதம் பயறும் முட்டையும் கொடுக்கிற செலவைவிட, பெருத்த பிள்ளைக்கு ஆபரேஷன் செய்கிற செலவும், பச்சைப் பிள்ளையைத் தீவிர சிகிச்சையில் வைக்கிற செலவும், அந்தத் தாய்க்கு முப்பது வருடம் மாத்திரை கொடுக்கிற செலவும் எவ்வளவு கூடுதல் என்று கூட்டிப் பார்க்கத் தணிக்கை அதிகாரி தேவையில்லை.

முகாமில் இருப்பவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. இங்கேயே பிறந்து இங்கேயே படித்து இங்கேயே பிள்ளை பெறுகிறவர்களுக்கும் பெரும்பாலும் அதே நிலைதான். வாக்கு இல்லாதவர்களின் மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பது என்னை மாதிரி எழுத்தர்களுக்கு நன்றாகத் தெரியும். நமக்கு வாக்கு உண்டு, பென்ஷன் உண்டு, நேரமும் உண்டு. மேலே சொன்ன மூன்று கோரிக்கைகளையும் ஒரு பக்க மனுவாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்திட விருப்பமுள்ளவர்கள் அன்று காலை பத்து மணிக்கு அங்கே வந்துவிடுங்கள். ரசீது வாங்காமல் திரும்ப மாட்டேன்.